நான் அழித்த ஓர் அடுக்கு

கம்பம்மெட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் கதவைத் திறந்தால், சூட்டோடு வரும் மணத்தில் கண் எரியும். அந்தக் கதவுக்குப் பக்கத்து மேஜையில்தான் என் முதல் வேலை...

காய் உலர்த்தக் கொண்டுவருகிறவர்களுக்கு வரிசைப்படி டோக்கன் கொடுக்க மூன்று கம்ப்யூட்டர்கள். ஒன்று ஸ்டோர் வாசலில், ஒன்று மேனேஜர் அறையில், இன்னொன்று தள்ளி ஜங்ஷன் கவுண்டரில். மூன்றும் ஒரே வரிசையைச் சொல்லவேண்டும்.

அதற்கு ஓர் ஓப்பன் சோர்ஸ் டூல்கிட்டைப் பிடித்தேன். கம்ப்யூட்டர்கள் குழுவாகப் பேசிக்கொள்ளத் தேவையானதெல்லாம் அதில் அடுக்கடுக்காக இருக்கும். ஓர் அடுக்கு செய்தியைக் கொண்டுபோகும், ஒன்று தொலைந்ததைத் திரும்பக் கேட்கும், ஒன்று வரிசைப்படுத்தும். எது மேலே, எது கீழே? பாதிதான் புரிந்தது. மீதி இன்றைக்கும் புரியவில்லை.

குழு உடைந்தால், தனியாக மாட்டிக்கொண்ட கம்ப்யூட்டரை டோக்கன் கொடுக்கவிடாமல் நிறுத்தவும் ஓர் அடுக்கு இருந்தது. அது அடிக்கடி ஜங்ஷன் கவுண்டரை நிறுத்தியது. திட்டெல்லாம் எனக்கு. தொல்லை விட்டது என்று அந்த அடுக்கைச் சேர்த்திருந்த ஒரு வரியை அழித்துவிட்டேன்.

ஒரு மழைநாள் காலையில் ஜங்ஷனுக்குப் போகும் லைன் அறுந்தது. ஜங்ஷன் கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டே இருந்தது. மறுபடி இணைந்தபோது பதினாலாம் நம்பர் இரண்டு பேர் கையில்! அன்றைக்கு ஸ்டோரில் காய் ஏற்ற மிச்சம் இருந்ததோ ஒரே ஓர் இடம்.

ஜங்ஷன் டோக்கனோடு வந்தவர் செல்வியக்கா. அரை ஏக்கர் ஏலம் வைத்திருந்தவர்.

"டோக்கன் நீ குடுத்ததுதான தம்பி? பெறகு எதுக்கு என்னைய நிப்பாட்டுற? நேத்து எடுத்த காய்ப்பா, இன்னைக்கு ஏத்தலைன்னா பச்சை நெறம் போயிரும்."

இரண்டு கம்ப்யூட்டர் ஒரு பக்கம், ஒன்று ஒரு பக்கம். எது சரி? அக்காதான் முதலில் வந்தாரோ என்னவோ... இரண்டு இருந்த பக்கத்து டோக்கன்காரருக்கே இடத்தைக் கொடுத்தேன்.

"லைன் போயிருச்சுக்கா, நான் என்ன பண்ண?"

அழித்த வரியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அக்காவின் காய் மஞ்சளடித்து விலை இறங்கிப் போனது.

இப்போது நான் செய்யும் வேலையெல்லாம் கிளவுடில் ஓடுகிறது. அடுக்குகளை யாரோ எங்கேயோ பார்த்துக்கொள்கிறார்கள். குழப்பம் மட்டும் எனக்குக் குறையவில்லை. அன்று தப்பு செய்தால் அது யார் தலையில் விழுந்தது என்று முகம் தெரிந்தது, இன்று அதுவும் தெரிவதில்லை.

போன மாதம் ஊரில் செல்வியக்காவைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். பேச்சு அந்த நாளுக்குப் போனது.

"லைன் போனதுக்கு நீ என்னப்பா செய்வ? பாவம், உன்னையப் போய் வைஞ்சுட்டேன். மனசுல வச்சுக்கிறாத."

இல்லக்கா, தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன்...

தலையை மட்டும் ஆட்டினேன்.