வேம்படிக் குழி

எங்கள் ஊர்ச் சவக்காலையில் மேடு, பள்ளம் என்று இரண்டு பக்கம் உண்டு. மேட்டில் பழைய வெள்ளைக்காரர்களின் செங்கல் கல்லறைகள்; அவற்றுக்கு அடுத்து ஊர்ப் பெரியவர்கள். பள்ளம் எங்களைப் போன்றவர்களுக்கு. மாரியில் அங்கே கொஞ்சம் வெட்டினாலே தண்ணீர் ஊறிவிடும்.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்கிய பிறகு வந்த ஒரு மாரியில் அம்மா செத்துப்போனார். துறைமுகத்தில் தச்சு வேலை செய்த அப்பா, சவக்காலை ஓவசியரிடம் போய் மேட்டில் ஓரிடம் கேட்டார். குழிக்கு இடம் காட்டுவது, வெட்டுவிப்பது, வாசலைப் பூட்டுவது எல்லாம் அந்த மனிதரின் பொறுப்பு. வேப்பமரத்தடியில் ஒரு குழிக்கு அளவாகக் காய்ந்த நிலம் கிடந்தது. அதன் நாலு மூலையிலும் ஓவசியர் சுண்ணாம்பு பூசிய கல் வைத்திருந்தார்.

"அது எனக்கு வைச்சிருக்கிற இடம் ஐசே. உங்கட ஆக்களுக்குப் பள்ளம் போதும்."

அம்மாவின் பெட்டி தண்ணீரில் மிதந்தது. ஓவசியர் கண்ணைக் காட்ட, குழி வெட்டியவர்கள் அதைக் காலால் மிதித்து அமுக்கினார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இன்றும் எரிகிறது.

வெயில் வந்ததும், அம்மாவை மேட்டுக்கு மாற்றலாமா என்று அப்பா ஓவசியரிடம் கெஞ்சினார்.

"மூடின குழியை நீதவான் சொல்லாமல் திறக்க ஏலாது. சட்டம் தெரியாட்டி என்னட்டைக் கேளும்."

பிறகு ஜப்பான்காரன் குண்டு போட்டான். துறைமுகத்தில் அப்பா செத்தார். ஊர் காலியானது. ஓவசியரும் சவக்காலையைப் பூட்டிவிட்டு, வள்ளமேறி, அக்கரையில் கட்டைபறிச்சானிலுள்ள மனைவி வீட்டுக்கு ஓடிவிட்டார். செத்தவர்கள் அவர் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும் போலும்.

அப்பாவைப் பாயில் சுற்றிக் கைவண்டியில் வைத்து, அண்ணாவும் நானும் தள்ளிக்கொண்டு போனோம். அண்ணா அலவாங்கால் பூட்டை உடைத்தார். நான் வேம்படியைக் காட்டினேன்.

"வேண்டாமடி, அது அந்தாளின்ர இடம்."

"அம்மாவை மிதிச்சதை மறந்திட்டியளோ?"

அண்ணா மண்வெட்டியை எடுத்தார். ஆழம்வரை பொட்டு ஈரமில்லை. அப்பாவை இறக்கும்போது அழுதேன். குழியை மூடியபின் அந்த நாலு கல்லையும் பிடுங்கிப் பள்ளத்துக்குள் எறிந்தேன். அப்போது அழவில்லை.

ஊர் அடங்கியதும் ஓவசியர் திரும்பி வந்தார். நேரே எங்கள் வீட்டு வாசலில் நின்று கத்தினார்.

"ஆரைக் கேட்டு அதிலை வெட்டினியள்? உடனே கிண்டி எடுங்கோ!"

இந்த நாளுக்காகவே நான் காத்திருந்தேன்.

"மூடின குழியை நீதவான் சொல்லாமல் திறக்க ஏலாது, ஐயா. சட்டம் தெரியாட்டி என்னட்டைக் கேளுங்கோ."

அவர் நீதவானிடம் போகவில்லை. போனால், ஊரில் பிணங்கள் கிடந்தபோது எங்கே இருந்தீர் என்ற கேள்வி வரும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சண்டை முடிவதற்குள் மேட்டுப் பக்கம் நிரம்பிவிட்டது. சண்டையின் கடைசி மாரியில் ஓவசியர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். செத்த வீட்டுக்குப் போகாதே என்று அண்ணா தடுத்தும் கேட்காமல் போனேன். சவக்காலைவரை நடந்தேன். பள்ளத்தில், அம்மாவுக்குப் பக்கத்தில், அவருடைய பெட்டி மிதந்தது. அதே ஆட்கள் காலால் மிதித்தார்கள்.

எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். சேறு தெறித்து என் வெள்ளைச் சேலையில் பட்டது. அதை நான் பல நாள் தோய்க்கவேயில்லை.