அண்ணா வாசித்த ஆமைக் கதை

அண்ணாவுக்கு அப்போது பதினொன்று, எனக்கு எட்டு. அவனுடைய பாடப் புத்தகங்களை வாசித்தது நான்தான். தொண்ணூறுகளில், மலையாளச் சீமையில், கரமனையில் எங்கள் தெருவில் இருந்த ஒருவருக்கும் இந்த விஷயம் தெரியாது. அவ்வளவு கெட்டிக்காரி நான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் கொள்ளியை வைக்க.

புத்தகத்தைத் திறந்தால் அண்ணாவுக்கு எழுத்துகள் ஓரிடத்தில் நிற்காது. மலையாளம், தமிழ், இங்கிலீஷ் எல்லாம் ஒரே கதைதான். ஆனால் அந்தக் காது இருக்கிறதே, அப்பப்பா! எங்கள் தெருப் பையன்களுக்குச் சாயங்காலம் வேத வகுப்பு உண்டு. அங்கே புத்தகமே கிடையாது. வாத்தியார் ஒரு தடவை சொல்வார், பையன்கள் இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். சந்தை சொல்வது என்று அதற்குப் பெயர். அங்கே அண்ணாதான் ராஜா. அந்த வித்தையைப் பள்ளிக்கூடப் பாடத்துக்கும் நாங்கள் கொண்டுவந்துவிட்டோம். நான் ஒரு வரி வாசிப்பேன், அவன் இரண்டு தடவை சொல்வான். மறுநாள் வகுப்பில் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கடகடவென்று ஒப்பிப்பான்.

பரீட்சையில் எழுத வேண்டுமே, அங்கே மாட்டிக்கொள்வான். மார்க் அட்டை வரும் நாளில் அப்பாவின் மர ஸ்கேல் அலமாரியிலிருந்து இறங்கும். வாயால் இவ்வளவு சொல்லத் தெரிந்தவன் எழுதமாட்டேன் என்றால் அது திமிர்தானே என்பது அப்பாவின் கட்சி. அம்மா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுவாள்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, பாளையத்தில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தாள். கூட வேலை செய்யும் மலையாளத்துக்காரி ஒருத்தியின் பிள்ளைக்கும் இதே தொந்தரவாம். இதற்கென்றே பயிற்சி பெற்ற டீச்சர்கள் சொல்லிக்கொடுத்து, இப்போது தட்டுத்தடுமாறியாவது வாசிக்கிறானாம். டிஸ்லெக்சியா என்ற பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்துவிட்டாள் சித்தி.

“இது சோம்பேறித்தனம் இல்லை அத்திம்பேர். குழந்தைக்கு எழுத்து பிடிபடல்லை, அவ்வளவுதான். ஒரு தடவை கொண்டுபோய்க் காட்டுங்கோ. அப்பறம் நான் வாயே திறக்கல்லை.”

அப்பா நாலு நாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு ஐந்தாம் நாள் சரி என்றார். அந்த வாரம் மார்க் அட்டை வந்தும் மர ஸ்கேல் கீழே இறங்கவில்லை. அப்பாவுக்கே சந்தேகம் வந்திருந்தது என்று இப்போது புரிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறி அந்த டீச்சர்கள் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்குப் போனோம். அப்பா, சித்தி, அண்ணா, பிடிவாதம் பிடித்துக் கூட வந்த நான். பழைய ஓட்டு வீடு, வராந்தா நிறையப் பிள்ளைகள். உள்ளே ஒரு டீச்சர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு அட்டையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். முதல் சுற்றில் அவ்வளவுதான். அதில் திணறுகிறவர்களை மட்டும் மறுபடி கூப்பிட்டு, எழுதச் சொல்லி, விவரமாகப் பார்த்து வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். இடம் கொஞ்சம்தான். சித்தி, எப்படியாவது இவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமே என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றால் பாஸாக வேண்டும். எனக்குத் தெரிந்த உலகத்தில் அதுதான் நியாயம். தோற்றால் சேர்த்துக்கொள்கிற பள்ளிக்கூடம் ஒன்று இருக்கும் என்று எட்டு வயதுக்கு எப்படித் தோன்றும்?

எல்லாருக்கும் அதே அட்டைதான் என்பதை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான் கண்டுபிடித்துவிட்டேன். மலையாளத்தில் ஓர் ஆமைக் கதை, எட்டே வரி. மூன்றாவது பிள்ளை வாசித்து முடித்தபோது எனக்கு மனப்பாடம். அண்ணாவைக் கொல்லைப்புறத்துப் பலாமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“வேண்டாண்டி. எனக்கு அறியாதுன்னு சொல்லிடறேனே” என்றான்.

“அப்பா வாசல்லயே நிக்கறா. சொல்லு, ம்.”

சொன்னான். ஒரு வரிக்கு இரண்டு தடவை. பத்து நிமிஷத்தில் ஆமை அவன் வாயில் நடந்தது.

உள்ளே போனான். ஜன்னல் வழியாகக் கேட்டேன், ஒரு சொல் பிசகவில்லை. நான் கேட்டு மனப்பாடம் செய்த அந்த மூன்றாவது பிள்ளை நாலாவது வரியில் ஒரு சொல்லை இரண்டு தடவை சொல்லியிருந்தது. நானும் அப்படியே சொல்லிக்கொடுத்திருந்தேன், அண்ணாவும் அப்படியே சொன்னான். டீச்சர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். வராந்தாவில் இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள். அவளை நான் எந்த வாயால் குறை சொல்ல?

வெளியே வந்து, பையன் நன்றாகத்தான் வாசிக்கிறான், இங்கே வரவேண்டிய அவசியமில்லை, வீட்டில் கொஞ்சம் கவனித்தால் போதும் என்று அப்பாவிடம் சொல்லி ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தாள். சித்தி என்னமோ கேட்கப் போனாள். அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

அந்தச் சீட்டு வருஷக்கணக்காக அலமாரியில் ஸ்கேலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. முன்பெல்லாம் அடிக்கும்போது அப்பாவுக்கு எங்கோ ஒரு தயக்கம் இருக்கும். இப்போது அதுவும் போயிற்று. படித்த டீச்சரே எழுதிக் கொடுத்துவிட்டாளே. ஒவ்வொரு அடி விழும்போதும் நான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பயம். அப்புறம் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: அண்ணா என்னிடம் வந்து உட்கார்ந்து பாடம் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. அவனே வாசித்துக்கொண்டால் என்னை யார் தேடுவார்கள்? அண்ணா பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்றான். மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதுதான் காயில், கட்டும் வேலை கற்றுக்கொண்டு, இன்று சொந்தப் பட்டறை வைத்திருக்கிறான். பில் எழுதுவது மன்னி. அப்பா போகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. போன பிறகு அண்ணாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “போடி, அதெல்லாம் யாரு நினைச்சிண்டிருக்கா” என்று சொல்லிவிட்டுக் காயிலைக் கட்டப் போய்விட்டான். நினைத்துக்கொண்டுதான் இருக்கிறான். எனக்குத் தெரியும்.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் நானும் அவனும் ஒரே சீட்டில். எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணா என் காதருகே குனிந்தான்.

“உள்ளே மேஜை நிறைய எழுத்து வெட்டி வச்சிருக்காடி. தச்சன் மரத்தைத் தேய்ப்பானே, அந்தச் சொரசொரப்புக் காகிதத்துல. விரலை வச்சுப் பாத்தேன். அது நகரவே இல்லை, அப்படியே நிக்கறது. இனி நாம எப்போ வரணும்?”

“இனிமே வரவே வேண்டாம், நீ ஜெயிச்சாச்சு” என்றேன்.

அவன் தன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டு வந்தான். கரமனைப் பாலம் வரும்வரை அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான். ஜெயித்த சந்தோஷம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.