தேர்வாய் கண்டிகையில் இரண்டு கப்பல்கள்

ஜெர்மனியில் சினிமாவுக்கு இடைவேளை கிடையாது. வந்து மூன்று வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. பொன்னேரியில் படம் தேறுமா தேறாதா என்பதைத் திரையைப் பார்த்து நான் முடிவு செய்ததில்லை. இடைவேளையில் பப்ஸ் வாங்க நிற்கிற கூட்டத்தின் முகங்களே சொல்லிவிடும். இங்கே இரண்டு மணி நேரமும் பரீட்சை எழுதுகிறவர்களைப்போல் உட்கார்ந்திருக்கிறார்கள். போன குளிர்காலத்தில் நானும் என் மனைவி கலாவும் ஒரு காதல் நகைச்சுவைப் படத்துக்குப் போனோம். நாயகனுக்கும் நாயகிக்கும் தனித்தனி வீடு, நல்ல வேலை. பெற்றோர் குறுக்கே வரவில்லை, சாதி கேட்க ஆளில்லை. இருந்தும் சேர்வேனா என்கிறார்கள். "யோவ், இவங்களுக்கு இன்னாதான் பிரச்சனை?" என்று கலா வாய்விட்டுக் கேட்டாள். முன்வரிசைக்காரர் திரும்பி, "ப்ஸ்ட்!" என்றார்.

அடுத்த வாரம் மொழி வகுப்பில் வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி. ஒருவர் தனக்குப் பிடித்த படத்தின் கதையைச் சொல்ல வேண்டும், ஜோடி கேள்வி கேட்க வேண்டும். என் ஜோடி கலாதான். எழுந்து நின்றதும் பதற்றத்தில் நான் பார்த்த படமெல்லாம் மறந்துபோனது. வேறு வழியில்லாமல் எங்கள் கதையையே படமாக்கிச் சொல்ல ஆரம்பித்தேன்.

தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். பயிற்சி வாரம் முழுக்கக் கம்பெனி பஸ்ஸில் அவளுக்குப் பின்சீட்டு எனக்கு. பிறகு எனக்குக் காலை ஷிஃப்ட், அவளுக்கு மதிய ஷிஃப்ட் என்று பிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசரிடம் கெஞ்சி நானும் மதிய ஷிஃப்டுக்கு மாறினேன். திங்கட்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்து, புதுச் சட்டை போட்டு பஸ் ஏறினால் அவள் இல்லை. கேட்டில் இறங்கும்போது காலை ஷிஃப்ட் முடித்து எதிர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள். "சூப்பர்வைசர் மாத்திட்டாரு" என்றாள். நான் வருவது தெரிந்து ஓடிவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு மாதம் இப்படியே கேட்டில் கையசைத்தோம். கடைசியில் டிரைவர் அண்ணன்தான் பொறுக்காமல் சத்தம் போட்டார்: "இன்னா தம்பி, டெய்லி கேட்ல டாட்டா காட்டிக்கினு கீற? பஸ்ல இருக்கிற அம்பது பேருக்கும் தெரியுது. உங்க ரெண்டு பேருக்குந்தான் தெரில. போய்ப் பேசுய்யா!" போய்ப் பேசினேன், கல்யாணம் நடந்தது. எட்டு வருடம் ஆகியும், தொல்லை தாங்காமல்தான் சம்மதித்தாளோ என்ற முள் மட்டும் உள்ளே இருந்தது.

இதை ஜெர்மனில் சொல்லிக்கொண்டு போனேன். வகுப்பே கண்கொட்டாமல் கேட்டது. உக்ரைன்காரப் பெண் ஒக்ஸானா, "கடல் பக்கத்திலா?" என்றாள். எங்கள் ஊர்ப்பக்கக் கடற்கரையான பழவேற்காட்டை நினைத்து, "ரொம்பப் பக்கம்" என்றேன். "புயல் வருமா?" "வருஷா வருஷம்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆசிரியை ஃப்ராவ் வெபர் மெதுவாகக் கேட்டார்: "நாயகன் மாலுமியா?"

ஷிஃப்டுக்கு அவர்கள் மொழியில் ஷிஷ்ட் என்று சொல்ல வேண்டுமாம். நான் சொல்லிக்கொண்டிருந்தது ஷிஃப். ஷிஃப் என்றால் கப்பல். நான் காதலுக்காகக் கப்பல் மாறி, நாயகி வேறு கப்பலில் போய், இருவரும் நடுக்கடலில் கையசைத்ததாக வகுப்பே நம்பிக்கொண்டிருந்தது.

கலா மேசையில் தலை சாய்த்துச் சிரித்தாள். பிறகு எழுந்து, உடைந்த ஜெர்மனில் சொன்னாள்: "கப்பல் இல்லை, வேலை நேரம். நாயகியும் மாற்றினாள். அவளே போய்க் கேட்டாள். நாயகனுக்காக."

முதலில் அவள் இலக்கணம் சரியா என்றுதான் பார்த்தேன். பிறகுதான் பொருள் உறைத்தது. ஜெர்மன் மறந்துபோய், "ஏன்டி இத்தினி நாளா சொல்லல?" என்று தமிழில் கத்தினேன்.

"தமிழ்ல எப்டிய்யா சொல்றது? வெக்கமா இருக்காது?"

ஒக்ஸானா கைதட்டினாள், எல்லோரும் தட்டினார்கள். சிரியாக்காரப் பெரியவர் என்னைக் கட்டிக்கொண்டார். ஒரு காதல் நகைச்சுவை ஓடுவதற்கு இரண்டு பேர் போதாது, அவர்களுக்குத் தெரியாததைத் தெரிந்து வைத்துக்கொண்டு தவிக்க ஒரு பஸ் நிறைய ஆட்கள் வேண்டும் என்று அப்போது புரிந்தது. நாங்கள் பார்த்த படத்தில் அந்த பஸ்தான் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை பொன்னேரித் தமிழில், கொஞ்சல் ஜெர்மனில். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டே கலா என்னை "ஷாட்ஸ்" என்று கூப்பிட்டாள். செல்லமே என்று அர்த்தம். மாமியார் காதைத் தீட்டினார்.

"இன்னாடி, மாப்ளைக்கு ஷார்ட்ஸ் வேணுமா?"

கலா முகம் சிவந்துபோய், "ஆமாம்மா" என்றாள்.

ஜனவரியில் பார்சல் வந்தது. முழங்கால்வரை வருகிற மூன்று பூப்போட்ட ஷார்ட்ஸ். வெளியே கணுக்கால் புதையப் பனி. மாமியார் போட்டுக் காட்டச் சொன்னதால், குளிருக்கு அணிந்திருந்த கம்பளிக் கால்சட்டையைக் கழற்றாமல் அதன்மேலேயே ஒன்றை மாட்டிக்கொண்டு வீடியோவில் நின்றேன். "அளவு கரெக்டா கீது" என்றார் மாமியார்.