ஆறாம் நாள் தலைக்கணக்கு

போன வாரம் கண்புரை அறுவைக்கு நாள் குறிக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எழுபது வயதில் கண்ணுக்குள் புது லென்ஸ் வைத்துக்கொள்ளப் போகிறவளுக்கு இருக்க வேண்டிய பயம் எனக்கும் இருந்தது. கூடவே, இனி பஸ் போர்டைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்க வேண்டாம் என்ற சந்தோஷமும். கவுண்டரில் எனக்கு முன்னால் நின்ற அம்மாளிடம் நர்ஸ் பிறந்த தேதி கேட்டாள். "மே மாசம் இருபது." நர்ஸ் எழுதிக்கொண்டே, மலையாளம் கலந்த தமிழில், "இன்னைக்கு வந்தவங்கள்ல பாதிப் பேருக்கும் மே மாசம்தான், கேட்டோ," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் கையிலிருந்த சீட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, இந்த ஊரின் மே மாதப் பிறந்தநாட்களில் சில நான் போட்டவை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருந்தால்தான் ஒன்றாம் வகுப்பு. பிள்ளை பிறந்த தேதி தாய்க்குத் தெரியாவிட்டால், டீச்சர் ஆளைப் பார்த்து மே மாதத்தில் ஒரு நாளை எழுதிவிடுவாள். எழுபதுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில் ஒரு சிறிய தமிழ் மீடியம் பள்ளியில் நான் அப்படிப்பட்ட டீச்சர். வயது இருபத்துமூன்று. அப்பா காலமாகிவிட்ட வீட்டில் என் வேலையை நம்பித்தான் அடுப்பு எரிந்தது.

ஜூன் என்றால் மற்றவர்களுக்குப் புதுக்குடை வாசனை. எனக்குத் தலைக்கணக்கு. பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் கல்வி ஆபீசிலிருந்து ஆள் வந்து பிள்ளைகளின் தலையை எண்ணுவார். விதித்த எண்ணிக்கைக்கு ஒரு தலை குறைந்தாலும் ஒரு வகுப்பு போகும்; வகுப்பு போனால் கடைசியாகச் சேர்ந்த டீச்சர் போவாள். கடைசியாகச் சேர்ந்தவள் நான். தமிழ் பேசும் வீடுகளிலேயே பிள்ளைகளை மலையாளம் மீடியத்துக்கு அனுப்பத் தொடங்கிவிட்ட காலம். படியேறிப் போய்க் கெஞ்சினால் காபி தருவார்கள், பிள்ளையைத் தரமாட்டார்கள். அந்த ஐந்து நாட்களில் நான் குடித்த காபிக்கு அளவே இல்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஹெட்மாஸ்டர் பதிவேட்டை மூடிவிட்டு, "ஒரு தலை குறையுதே டீச்சரே," என்றார். நாஞ்சில் நாட்டுக்காரர், நல்ல மனிதர். அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை.

மழையில் தம்பானூர் பக்கம் நடந்தேன். அங்கே புதிதாக ஒரு லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். தகரக் கூரைக்கடியில் ஒரு சின்னப் பெண் செங்கல் துண்டால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பேச்சி என்று பேர். சித்தாள் வேலை செய்த அவள் அம்மா இசக்கியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இவளுக்கு இன்னும் அஞ்சு முடியலியே டீச்சரம்மா. இந்த வேல முடிஞ்சா நாங்களும் போயிருவோம்."

"நாளைக்கு ஒரு நாள் வந்து உக்காந்தாப் போரும்," என்றேன்.

ஒரு டீச்சர் சொல்கிற பேச்சா அது.

மறுநாள் என் தங்கையின் பழைய பாவாடையை ஊக்கு குத்திச் சுருக்கி உடுத்திவிட்டு, பேச்சியை முன் வரிசையில் உட்கார வைத்தேன். பதிவேட்டில் மே மாதத்து நாள் ஒன்றை எழுதினேன். அதிகாரி விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தார். பேச்சியின் முன் நின்று, "மோளே, பேரெந்தா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சத்தமாக, "பேச்சி. நாளைக்கும் வருவேன்," என்றாள். அவர் சிரித்துவிட்டு அடுத்த தலைக்குப் போனார். என் வேலை தப்பியது.

சொன்னபடியே மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். "ஒரு நாளுன்னுதான சொன்னிய, இப்ப இவ விடமாட்டேங்கா," என்று இசக்கியம்மாள் குறைபோலச் சொன்னாலும் முகமெல்லாம் பெருமை. நான் கொடுத்த சிலேட்டில், நாலு வாரத்தில் பேச்சி தன் பேரை எழுதினாள். எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றன.

ஒரு வெள்ளிக்கிழமை இசக்கியம்மாள் வந்தாள். லாட்ஜில் அவர்கள் வேலை முடிந்துவிட்டது, வேறு ஊருக்குப் போகிறார்கள். "அங்கயும் பள்ளிக்கூடத்துல சேக்கணும்னு அழுதா. அதுக்கு இங்கருந்து ஒரு தாளு வேணுமாம்லா, தாங்க." டி.சி.யைத்தான் கேட்டாள்.

ஹெட்மாஸ்டர் என்னைத் தனியே அழைத்தார். எண்ணிக்கையைச் சரிபார்க்கத் திடீரென்று மறுபடி ஆள் வரலாம். அதற்குள் ஒரு பிள்ளை போனது தெரிந்தால் பிறந்த தேதி வரை கிண்டுவார்கள். "ஒரு மாசம் கழியட்டு டீச்சரே, பொறவு குடுப்போம். உங்க வேலைக்காகத்தான் சொல்லுகேன்."

நான் வெளியே வந்து, "அடுத்த மாசம் வாங்க, தாறேன்," என்றேன். வர முடியாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் சண்டை போடவில்லை. "சரி டீச்சரம்மா," என்றாள். பேச்சி சிலேட்டை என் மேசைமேல் வைத்துவிட்டு அம்மாவோடு போனாள்.

சனியும் ஞாயிறும் எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் முன் போய் நின்றேன். அவருக்கும் அப்படித்தான் கழிந்திருக்க வேண்டும். டி.சி. எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தித் தந்தார். ஓடினேன். லாட்ஜுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முந்தின நாளே பஸ் ஏறிவிட்டார்கள். எந்த ஊருக்கு என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

ஹெட்மாஸ்டர் பயந்தபடி திடீரென்று மறுபடி எண்ண யாரும் வரவில்லை. அந்த வருடமும் வரவில்லை, அப்புறமும் வரவில்லை. நான் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றேன்.

தாளைக் கேட்காமல் பிள்ளையை உட்கார வைக்கிற டீச்சர் அப்போதெல்லாம் எந்த ஊரிலும் ஒருத்தியாவது இருப்பாள். அப்படி ஒருத்தி பேச்சிக்கு வாய்த்திருப்பாள் என்று நம்புகிறேன். வயது ஏற ஏற அந்த நம்பிக்கை கூடிக்கொண்டுதான் போகிறது. உனக்குச் சௌகரியமான நம்பிக்கை என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

பள்ளியை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. பிள்ளைகள் குறைந்து குறைந்து, ஒரு ஜூன் மாதம் எண்ணுவதற்குத் தலையே இல்லாமல் போயிற்று. கட்டிடம் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. பதிவேடுகள் எங்கே போயின என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். பேச்சி அங்கே படித்தாள் என்பதற்கு, என் பீரோவில் இருக்கும் அந்த டி.சி.யைத் தவிர இந்த ஊரில் வேறு தாள் இல்லை.