ஓலைக்கால், சீலைக்கால்

நான் வீட்டோடு மாப்பிள்ளை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த என்னைப் பருத்திப்பட்டு மாமனார் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னபோது, என் மானம் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் வஞ்சிரக் குழம்பு வைத்தார்கள். மானமும் பக்கத்தில் ஓர் இலை போட்டு உட்கார்ந்துவிட்டது.

மாமா பட்டாளத்தில் இருந்தவர், இரண்டு போர் பார்த்தவர். இடது காலில் மூன்று விரல் கிடையாது. பனி தின்றுவிட்டது என்பார், அவ்வளவுதான். தினமும் கதையளப்பார் என்று பயந்துகொண்டுதான் பெண்ணெடுத்தேன். அந்த வீட்டில் அளந்ததெல்லாம் நான்தான். அவர் பால் வாங்கிவருவார், கீரை ஆய்வார், பேத்திகளுக்குச் சடை பின்னுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அத்தைக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. கழிப்பறை கொல்லைக் கோடியில், முப்பதடி தள்ளி. மாமாவும் என் மனைவியும் தூக்கிக்கொண்டு போவார்கள். மருமகன் கண்ணெதிரே இப்படியா என்று அத்தை கூசிப்போனார். தூக்க வேண்டி வருமே என்று சோற்றைக் குறைத்தார், தண்ணீரையே நிறுத்தினார். உதடு வெடித்துவிட்டது. இப்படியே போனால் உடம்பு தாங்காது என்றார் டாக்டர். கால் இனி அவ்வளவுதான் என்றும் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் மாமா ஒரு பனையோலைத் துண்டை அத்தையின் இடது கணுக்காலில் கட்டினார், வலதில் பழைய சேலைக் கிழிசல். இடது வலது தெரியாத ஆட்களுக்குப் பட்டாளத்தில் அந்தக் காலத்தில் அப்படித்தான் நடை பழக்கினார்களாம். அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, எதிரே நின்று, பின்பக்கமாக நடந்தபடியே சொல்வார்: "சீலைக்கால்... ஓலைக்கால்..."

சீலைக்கால் வரும். ஓலைக்கால் வராது. ஓலை தரையில் சரக்கென்று உரசும்வரை மாமா நகரமாட்டார்.

நான் சும்மா இருப்பேனா? அத்தையை எந்த பார்டருக்கு அனுப்பப்போகிறீர்கள் என்று கேட்டேன். மனைவி கரண்டியோடு திரும்பினாள். மாமா சிரித்தார். பக்கத்தில் நின்று தாங்கினால் சுலபமாயிற்றே என்றேன்.

"பக்கத்துல கீறவன் மேல சாஞ்சுடுவாங்க மாப்ளே. எதிர்ல மூஞ்சி தெரிஞ்சா நடப்பாங்க."

விரல் போன கதையை அந்த ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மலையில், கால் மரத்து உட்கார்ந்துவிட்ட ஒருவனை, முகத்துக்கு நேராகத் திட்டிக்கொண்டே, பாதி நாள் பின்பக்கமாக நடந்து கீழே இறக்கியிருக்கிறார். விரல்கள் போனது அன்றைக்குத்தான். அவன் இப்போது எங்கே என்றேன். பேரன் பேத்தி எடுத்துவிட்டான் என்று சொல்லிவிட்டு, ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரையின் காம்பைக் கிள்ளிப் போட்டார். நானும் ஒரு பிடி கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தேன். என் மனைவி இன்றும் வியக்கும் ஒரே நாள் அது.

ஏழு மாதம் நடந்தது. நடுவில் மழை வந்து கொல்லை சேறானபோது செங்கல் பரப்பினோம். லேத்தில் நூலளவு பிசகாத நான் பரப்பிய வரிசை மட்டும் ஆடியது.

தை மாதத்தில் ஒரு காலை. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாமா எதிரே, கை கொடுக்காமல், பின்பக்கமாக. ஆடுகிற செங்கல்மேல் அத்தை ஒரு நொடி நின்றார். ஓலை உரசியது. தாண்டிவிட்டார். கழிப்பறைக்குள் போனார், கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது.

மாமா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து அத்தையின் குரல் குழறலாக வந்தது.

"இன்னும் இன்னாய்யா நிக்கிறே? அந்தாண்ட போ."

உடனே திரும்பி நடந்தார். நான் வாயிலிருந்த பேஸ்ட்டை எப்போதோ விழுங்கிவிட்டிருந்தேன். என்னைக் கடக்கும்போது தோளைத் தட்டிச் சொன்னார்.

"கேட்டீங்களா மாப்ளே? தாப்பா போட்டுகினா."