ஒரு பிடி கொட்டையில் குளக்கரை

மாதேஸ்வரன் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கேட் வாட்ச்மேன். ஊரில் அவருக்கு மிலிட்டரி என்றுதான் பெயர். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் கிழக்கு எல்லையில் இருந்தவர். பத்துப் பேர் கொண்ட செக்ஷனுக்கு அவர்தான் தலைவர். சண்டையைப் பற்றி யார் கேட்டாலும், "அங்க நொம்பக் குளுருங்க" என்பார். ஏற்காட்டில் பிறந்து வளர்ந்த ஆள் குளிர் என்று சொன்னால் எவன் நம்புவான்? ஆனாலும் பன்னிரண்டு வருஷமாக அந்த ஒரே வரியை வைத்து ஊரைச் சமாளித்துவிட்டார்.

மிச்சக் கதை அவர் மனைவி கிருஷ்ணம்மாளுக்கு மட்டும் தெரியும். ஒரு மேட்டு ஊரைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு. போவதற்கு இரண்டு வழி. மூங்கில் காட்டுக்குள் ஒன்று, குளக்கரைமேல் ஒன்று. எந்த வழி என்று சொல்ல வேண்டியவர் மாதேஸ்வரன். குளக்கரை என்றார். ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு போனவர் ஐந்து பேரோடு திரும்பினார். மூங்கில் வழியாகப் போயிருந்தால் அந்த நாலு பேரும் இருந்திருப்பார்களோ? சோற்றில் கை வைக்கும்போது இந்தக் கேள்வி வரும். கை அப்படியே நின்றுவிடும்.

ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் குடை ரிப்பேர் செய்யும் ரஹமத்துல்லா பாய்க்கு இதெல்லாம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி, ரிப்பேர் ஆன குடைகளை எஸ்டேட் வீடுகளில் கொடுத்துவிட்டு, மாதேஸ்வரனோடு சண்டை ஆட்டம் ஆடுவார். காபி காயப்போடும் சிமென்ட் களம் அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கும். அதில் கரித்துண்டால் ஆறு, மேடு, காடு என்று கோடு போட்டுக்கொள்வார்கள். குடைக்கம்பி நுனியில் செருகும் சின்னக் குப்பிகள்தான் சிப்பாய்கள். வெள்ளைக் குப்பி ஒரு படை, கறுப்புக் குப்பி இன்னொரு படை. இரண்டு பெரிய மனிதர்கள் வெயிலில் குந்தி உட்கார்ந்து இப்படி ஆடுவதைப் பார்த்து எஸ்டேட்டே சிரித்தது.

முதலில் தாயக்கட்டைதான் உருட்டினார்கள். பெரிய எண் விழுந்தவன் செயித்தான். ஒருநாள் பாயின் ஒற்றைக் குப்பி மாதேஸ்வரனின் பத்துக் குப்பிகளைச் சாய்த்துவிட்டது. மனுஷனுக்கு வந்ததே கோபம்!

"ஒத்தை ஆளு பத்துப் பேரைச் சாய்ச்சுப் போட்டானா? எந்த ஊரு சண்டைங்க பாய் இது?" என்று தாயக்கட்டையைத் தூக்கிக் காபிச் செடிக்குள் எறிந்துவிட்டார்.

அடுத்த வாரம் கட்டையே இல்லாத ஆட்டம். ஆள் எண்ணிக்கை, மேடு பள்ளம், மறைவு எல்லாவற்றுக்கும் மாதேஸ்வரன் ஒரு மதிப்பெண் போட்டார். கூட்டிப் பார்த்து அதிகம் வந்தவன் செயித்தான். பாய்க்கு ஒரே ஆட்டத்தில் சலித்துவிட்டது. ஆடுவதற்கு முன்பே முடிவு தெரிந்தால், தான் பஸ் ஏறி வருவது எதற்கு என்று கேட்டார். மாதேஸ்வரன் கரிக்கோட்டைக் காலால் அழித்தார். அந்தக் கணக்கில் குளக்கரையை அவர் தனியே போட்டுப் பார்த்திருந்தார். ஒவ்வொரு தடவையும் தோல்வி. கணக்கு அவரைக் கொலைகாரன் என்றே சொன்னது.

கிருஷ்ணம்மாள் அதே எஸ்டேட்டில் காபிக் கொட்டை பொறுக்கித் தரம் பிரிப்பவள். இருபது வருஷம் கொட்டையோடு புழங்கிய கை. அவள்தான் சொன்னாள்.

"ஒத்தைக் கொட்டையப் பாத்து மூட்டையச் சொல்ல முடியுங்களா? கை நெறைய அள்ளோணும். எத்தனை ஆளோ அத்தனை கொட்டையப் போடுங்க. தட்டைப் பக்கம் மேல பாத்து விழுந்ததெல்லாம் எதிரி மேல பட்ட குண்டு."

போட்டுப் பார்த்தார்கள். அடேயப்பா! முப்பது கொட்டை போட்டால் பத்து வாக்கில் தட்டை விழுந்தது. ஏழுக்குக் கீழே போவதும் பதின்மூன்றைத் தாண்டுவதும் அரிது. இரண்டே கொட்டை போட்டால் மட்டும் எது வேண்டுமானாலும் நடந்தது. பெரிய படைக்கு அதிர்ஷ்டம் அடங்கி நடந்தது. சின்னப் படையிடம் தன் இஷ்டத்துக்கு ஆடியது. எவனும் சொல்லிக் கொடுக்காமல் கொட்டைக்கு இது எப்படித் தெரிந்தது? மாதேஸ்வரன் திரும்பத் திரும்ப அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு ஞாயிறு பாய் வரிசையாகத் தோற்றார். கிருஷ்ணம்மாள் வந்து அவர் கையை விரித்துப் பார்த்தாள். உள்ளே மூன்று பீபெரி. உருண்டைக் கொட்டை, தட்டைப் பக்கமே கிடையாது, எப்படிப் போட்டாலும் படாது. பாய் எடுத்து எறியப் போனார். மாதேஸ்வரன் தடுத்தார்.

"இருக்கட்டுங்க பாய். நனஞ்ச துப்பாக்கி இப்படித்தான். அழுத்துவோம், சுடாது. தண்ணியில எறங்குனவன் கையில ஒண்ணு குடுத்துருவோம்."

குளிரைத் தவிர அவர் வெளியாள் முன்னால் சண்டையைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. கிருஷ்ணம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

மே மாதம் ஒரு மத்தியானம் மாதேஸ்வரன் களத்தில் புதிதாக ஒரு படம் போட்டார். ஒரு மேடு, ஒரு மூங்கில் காடு, ஒரு குளம். கிருஷ்ணம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். மூங்கிலில் மறைவு உண்டு, ஆனால் தூரம்; எதிரிக்கு ஒரு வீச்சு கூடுதல். குளக்கரை வெட்டவெளி, ஆனால் சீக்கிரம் ஏறிவிடலாம். ஒன்பது வெள்ளைக் குப்பி. மேட்டில் பாயின் கறுப்புக் குப்பிகள்.

மூங்கில் வழியில் பத்து ஆட்டம். ஒரு தடவை ஒரே ஆள் விழுந்தான். இன்னொரு தடவை ஏழு பேர். பத்து ஆட்டத்திலும் சேர்த்து நாற்பத்து மூன்று குப்பிகள் சாய்ந்தன.

அப்புறம் குளக்கரை. நாலாவது ஆட்டத்தில் சரியாக நாலு பேர் விழுந்தார்கள். மாதேஸ்வரன் அடுத்த கொட்டையை அள்ளவில்லை. "என்னாச்சுங்ணா?" என்றார் பாய். அப்போதுதான் மாதேஸ்வரன் சொன்னார், எல்லாவற்றையும், தலை நிமிராமல். பாய் கொட்டைகளை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

ஒன்பது ஆட்டம் முடிந்தபோது முப்பத்தெட்டு. மாதேஸ்வரன் இரண்டு எண்களையும் கரியால் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்தார். இந்த வழியிலும் செத்தார்கள், அந்த வழியிலும் செத்தார்கள். பன்னிரண்டு வருஷம் சோற்றில் நின்ற கைக்கு இவ்வளவுதான் பதில்.

பத்தாவது ஆட்டம். பாய் போட்டார், எல்லாம் முதுகு காட்டி விழுந்தன. மறுபடி போட்டார், அப்போதும் ஒரு தட்டைகூட விழவில்லை. மூன்றாவது வீச்சுக்குள் வெள்ளைக் குப்பிகள் மேட்டில் ஏறிவிட்டன. மாதேஸ்வரன் எண்ணினார். திரும்ப எண்ணினார். ஒன்பது.

நாலு குப்பிகளை மட்டும் விரலால் தொட்டார். "சின்னராசு. தங்கவேலு. வர்கீசு. காதர்."

தூறல் விழ ஆரம்பித்தது. கிருஷ்ணம்மாள் பழக்க தோஷத்தில் குனிந்து குப்பிகளை அள்ளப் போனாள். மாதேஸ்வரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடு புள்ள. இப்பத்தான் வந்திருக்கறாங்க. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

ரஹமத்துல்லா பாய் எழுந்தார். யாரோ ஒருவருக்குக் கொடுக்க வைத்திருந்த குடையைப் பையிலிருந்து எடுத்தார். தன் தலையில் மழை இறங்க, அந்த ஒன்பது குப்பிகளுக்கு மேலே அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.