நாற்பது பரப்புக் காடு

குணேஸ்வரிக்குப் பொறாமை வந்தால் முதலில் பசி போய்விடும். மச்சாள்காரி லவாலில் வீடு வாங்கிய மாதம் அவள் பாதியாய் இளைத்துப்போனாள். மற்றப்படி நல்ல மனுசிதான். வில்லரேயில் சின்னப்பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற கார்டெரி ஒன்றில் பல வருடமாகச் சமைக்கிறாள். அந்தப் பிள்ளைகளோடு வாயாடியே பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டவள். சொந்தக்காரரில் யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் பள்ளிக்கூடம் என்றாலும் மொழிபெயர்க்க அவள்தான் போவாள். கூப்பிடாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

அவளுடைய வாடகை வீட்டின் ஓர் அறையில் வினோஜா இருந்தாள். குணேஸ்வரியின் கணவன் இரவிச்சந்திரன் வழியில் தூரத்துச் சொந்தம். லொங்கேயில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கையில் இருந்தது தற்காலிக வேலை அனுமதி, அதுவும் வருகிற சித்திரையோடு முடிகிறது. அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை காலை புட்டுக்குச் சம்பல் போட்டுக்கொண்டே வாயைத் திறந்தாள்.

"அக்கா, நான் ஒரு காணி பாத்திருக்கிறன்."

"ஆருக்கு?"

"எனக்குத்தான். ஜோலியெட்டுக்கு அங்காலை. வெறும் காடு. நாற்பது பரப்பு வரும், ரெண்டரை ஏக்கர்."

குணேஸ்வரி வாய்க்குக் கொண்டுபோன புட்டைத் திரும்பவும் கோப்பையில் வைத்தாள். நாற்பது பரப்பு! ஊரில் இரண்டு பரப்புக்காக அண்ணன் தம்பி செத்தவீட்டிலும் முகம் பார்ப்பதில்லை. இருபத்துநாலு வருடம் இந்த நாட்டில் இருந்து, குடியுரிமையும் எடுத்த அவளுக்கு ஒரு பூச்சட்டி வைக்கச் சொந்த நிலம் இல்லை. இரவிச்சந்திரன் வட்டி குறையட்டும், வட்டி குறையட்டும் என்றே காலத்தைக் கடத்திவிட்டார்.

"பெர்மிற்றில இருக்கிறவைக்குக் காணி குடுப்பினமே?"

"நோட்டரியைக் கேட்டனான் அக்கா. பயிர்நிலமாப் பதியாத காடு எண்டால் வாங்கலாமாம். ஆனால் காணி இருக்கெண்டு இஞ்ச இருக்க விடமாட்டினமாம், அது வேற விசயமாம்."

"அப்ப உன்னைத் திருப்பி அனுப்பினால்?"

"அனுப்பினாலும் காணி என்ரதானே."

இந்தப் பதிலைத்தான் குணேஸ்வரியால் பொறுக்க முடியவில்லை. வந்து மூன்று வருடம் ஆகாதவளுக்கு எங்கிருந்து இந்தத் துணிச்சல்? ஆனால் விற்கிறவர் ஒரு கிழவர், பிரெஞ்சைத் தவிர வேறொன்றும் தெரியாது, நேரில் பார்த்துக் கதைக்காமல் விற்கமாட்டாராம், தனக்கு இன்னும் பிரெஞ்சு சரியாக வராது, அக்காதான் வரவேண்டும் என்று வினோஜா கெஞ்சினாள். குணேஸ்வரி உடனே உடுப்பு மாற்றப் போனாள்.

காணிக்குள் கால் வைத்ததும் சேறு, நுளம்பு. இருந்தாலும் உள்ளே ஒரு சின்ன நீரோடை ஓடியது. அதைக் கண்டதும் குணேஸ்வரிக்கு இன்னும் எரிந்தது. எல்லை பார்க்கிறேன் என்று வினோஜா மரங்களுக்குள் போய்விட்டாள். கிழவர் லூசியன் பொல்லை ஊன்றிக்கொண்டு குணேஸ்வரியிடம் பிரெஞ்சில் கேட்டார்.

"மரத்தை வெட்டி விற்கிறவர்களின் கையில் இது போகக்கூடாது. இந்தப் பெண் இங்கேயே இருப்பாளா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவள் வாய் வேறொன்றைச் சொன்னது.

"அவளுடைய வேலை அனுமதி சித்திரையில் முடிகிறது. பிறகு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது."

அதில் ஒரு பொய்யும் இல்லை. அதனாலேயே சொல்வது சுலபமாக இருந்தது.

கிழவர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்கள் இந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவரா, மதாம்?"

"ஓம்."

"அப்படியானால் நீங்கள் எடுங்கள். அதே விலை."

குணேஸ்வரிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மச்சாளிடம் இதை எப்படிச் சொல்வது என்றுகூட ஒரு கணத்தில் யோசித்துவிட்டாள். நீரோடையைப் பார்த்தாள், என்னுடையது என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. காலில் சேறு, கழுத்தில் நுளம்பு, அவ்வளவுதான். இந்தக் காடு அவளுக்கு எதற்கு? வினோஜாவுக்குக் கிடைக்காமல் போனால் போதும், அவள் மனம் கேட்டது அது ஒன்றைத்தான். இவ்வளவு கேவலமானவளா நான் என்று அவளுக்கே கூசியது.

முழங்கால் வரை சேறோடு வினோஜா ஓடி வந்தாள். "என்னவாம் அக்கா? தரமாட்டாராமே?" அவளுடைய கண் அதற்குள் கலங்கிவிட்டது.

"பொறு, கதைக்கிறன்" என்ற குணேஸ்வரி கிழவர் பக்கம் திரும்பினாள். "எனக்கு வேண்டாம், மொன்சியர். நானும் ஒரு தற்காலிகக் கடதாசியோடு வந்தவள்தான். என்னை எப்போது அனுப்புவார்களோ என்று பயந்து ஒரு நல்ல கதிரைகூட வாங்காமல் இருந்தேன். இவள் காடு வாங்க நிற்கிறாள். போகிற எண்ணம் உள்ளவள் செய்கிற வேலையா இது?"

கிழவர் விடவில்லை, திருப்பித் திருப்பிக் கேட்டார். அவளும் விடவில்லை. கடைசியில் அவர் பொல்லை இடக்கைக்கு மாற்றி வினோஜாவிடம் வலக்கையை நீட்டினார்.

திரும்பி வரும்போது வினோஜா கார் ஓட்டிக்கொண்டே அழுதாள்.

"நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான் அக்கா. எனக்காக அந்தாளோட எவ்வளவு மல்லுக்கட்டினீங்கள். சொந்த அக்காவும் இப்பிடிச் செய்யமாட்டா. எல்லாருக்கும் சொல்லப்போறன், இந்தக் காணி நீங்கள் எடுத்துத் தந்ததெண்டு."

"விசர்க்கதை கதையாமல் ரோட்டைப் பார்."

குணேஸ்வரி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொறாமை போய்விட்டதா என்றால் அதுதான் இல்லை, வயிறு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. இனி இதை யாரிடமும் சொல்லி ஆறவும் வழியில்லை, அந்தக் காணியை வினோஜாவுக்கு வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்.